ஒரே ஒரு 'டிக்'

இன்று காலை படகை எடுக்கலாம் என்று சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் சுற்றவே இல்லை.

எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட், முழு சார்ஜ். சாவியைத் திருப்பும்போதும் அது இறங்கவே இல்லை. அப்படியென்றால் மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. பேட்டரி பலவீனமாக இருந்திருந்தால் 'டிக் டிக் டிக்' என்று விடாமல் அடித்திருக்கும்.

அப்புறம் சொலினாய்டின் (சாவியைத் திருப்பியதும் பேட்டரியை ஸ்டார்ட்டர் மோட்டாரோடு இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) இரண்டு பெரிய முனைகளிலும் மீட்டரை வைத்து, நண்பரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். நல்ல சொலினாய்டு என்றால் அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது. எனக்குக் கிட்டத்தட்ட 12 வோல்ட்டும் அப்படியே நின்றது. உள்ளே இருக்கும் செப்புத் தொடர்புகள் கருகிவிட்டன. சொலினாய்டை மட்டும் மாற்றினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

'டிக்' சத்தமே வராவிட்டால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய கம்பியில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். எர்த் கேபிள் முனையில் உப்பு பூத்திருக்கிறதா என்பதையும் விடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பலர் திருப்புளியை வைத்து சொலினாய்டின் இரண்டு முனைகளையும் இணைத்துப் பார்க்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியிலேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். கை வைப்பதற்கு முன், எஞ்சின் அறையில் தேங்கிய ஆவியை வெளியே தள்ளும் விசிறியான புளோவரை 4 நிமிடமாவது ஓடவிடுங்கள்.