ஆறாம் மாதம் இரண்டு முறை வந்த ஆண்டு

கடந்த ஆண்டு நவராத்திரியின் முதல் நாள் மாலை, சுண்டல் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஓடிய என் மகள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். "அம்மா, ஆ மா வீட்டில் கோழி வேகிறது. விரதத்தை மறந்துவிட்டாரா?"

ஆ மா என்றால் ஹொக்கியன் என்ற சீன மொழியில் பாட்டி. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் சுவரை ஒட்டிய வீடு அவருடையது. 2024இல் அவரும் நாங்களும் ஒரே நாளில், அக்டோபர் 3 அன்று, விரதம் தொடங்கினோம். எங்களுக்கு நவராத்திரி, அவருக்குச் சீன ஒன்பதாம் மாதத்தின் முதல் நாள், ஒன்பது தெய்வங்களைக் கொண்டாடும் ஒன்பது பேரரசர் விழா. வெள்ளை உடுத்தி ராஜா ஊடாவில் உள்ள தௌ பூ கோங் கோயிலுக்குப் போவார். தெருவோரம் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைத்திருந்தன. இரண்டும் ஒரே திருவிழா என்று என் மகள் மனத்தில் பதிந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 அன்று ஆ மா கோழி சமைத்தது அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

ஆ மாவே விளக்கினார். அவர் சமையலறைச் சுவரில், குதிரைப் பந்தய நாள்களைக் குறித்திருக்கும் குதிரைக் காலண்டர் தொங்குகிறது. பெரிய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் சீனத் தேதி இருக்கும். தாளைப் பின்னோக்கிப் புரட்டி, ஜூலை 25இல் விரலை வைத்தார். ஆறாம் மாதம் முடிந்து, மறுபடியும் ஆறாம் மாதமே தொடங்கியிருந்தது! ஒன்பதாம் மாதம் வர இன்னும் 29 நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டோம். நிலவின் பன்னிரண்டு மாதங்களுக்கு 354 நாள். சூரிய ஆண்டுக்கு 365. ஆண்டுதோறும் 11 நாள் குறைகிறது. முஸ்லிம்களின் நோன்புப் பெருநாளான ஹரி ராயா ஏன் முன்னால் முன்னால் நகர்ந்து வருகிறது என்று கேட்டேன். அந்தக் குறையை அப்படியே விட்டுவிடுவதால்தான் என்று அவளே கண்டுபிடித்தாள். அந்த நிமிடத்துக்காகவே எத்தனை மாலைகளையும் செலவிடலாம். சீனர்களும் நம் பஞ்சாங்கக்காரர்களும் அதை விடுவதில்லை. 19 ஆண்டுகளில் ஏழு மாதங்களைக் கூடுதலாகச் சேர்த்துப் பருவத்தோடு பிடித்துக் கட்டுகிறார்கள். சூரியன் ராசி மாறாத மாதம் நமக்கு அதிக மாதம். சீனர்களும் சூரியனின் நகர்வை வைத்தே முடிவு செய்கிறார்கள், ஆனால் அளவுகோல் வேறு. அதனால் கூடுதல் மாதம் இரு வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வருவதில்லை.

குழந்தைகளுக்குச் சீனப் பண்டிகைகளைச் சொல்லும்போது டிராகனோடும் சிவப்பு உறையோடும் நின்றுவிடுகிறோம் என்பது என் வருத்தம். வானத்தைக் காட்டுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் நிலவு இருக்காது. புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வரும் சீன விளக்குத் திருவிழாவில் முழுதாக இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைகூட அதைச் சரிபார்க்கலாம்.

தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. மறுநாள் ஆ மாவின் விரதம் தொடங்கியது. என் மகள் முறுக்குத் தட்டை நீட்டி, "முட்டை இல்லை, வெங்காயம் இல்லை, பூண்டும் இல்லை" என்று கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

இந்த ஆண்டு நமக்கு அதிக மாதம், மே 17 முதல். புதுக் காலண்டர் வந்ததும் அவள் தானே எண்ணிப் பார்த்து, ஆ மாவின் விரதம் தொடங்கும் அக்டோபர் 10ஐ மஞ்சளிலும் நம் நவராத்திரி தொடங்கும் 11ஐச் சிவப்பிலும் வட்டமிட்டிருக்கிறாள். ஒரு நாள் இடைவெளிதான். அதை ஆ மாவிடம் காட்டக் காலண்டரையே கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.