கோட்டை மான்களும் நாற்பத்திரண்டாம் திருப்பாடலும்

தவக்காலத்தின் கடைசி வாரத்தைத் திருகோணமலையில் கழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கலைமான் நீரோடைக்காக ஏங்குவதுபோல் தன் நெஞ்சம் இறைவனுக்காக ஏங்குகிறது என்று பாடும் விவிலியத்தின் 42ஆம் திருப்பாடலை நீர்வண்ணத்தில் தீட்ட எண்ணியிருந்தேன். மனிதருக்கு அஞ்சாமல் மான்கள் உலாவும் அந்நகரின் பிரெட்ரிக் கோட்டையைவிட அதற்குப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாயிலைக் கடக்கும் கிறிஸ்தவர் எவரும் அதன் வரலாற்றை மறந்து நடக்கலாகாது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு இங்கே கோட்டை எழுப்பினார்கள். இன்று கோட்டையின் ஊடாகவே அடியார்கள் கோணேசரைத் தரிசிக்கச் செல்கிறார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, மன்னிப்பு வேண்டிச் செபித்த பின்னரே வரைபுத்தகத்தைத் திறந்தேன்.

பங்குனி வெயிலுக்குப் புள்ளிமான்கள் மரநிழலில் படுத்திருந்தன. கடலுக்குள் நீண்ட முனையில் அமைந்தது அக்கோட்டை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீர் இருந்தும், அதில் ஒரு மிடறுகூட மானின் தாகத்தைத் தீர்க்காது. கண்ணீரே இரவும் பகலும் தன் உணவானது என்று அதே பாடல் புலம்புவதன் உவர்ப்பை அங்கேதான் உணர்ந்தேன். ஆகவே முதலில் கடலை அடர்நீலத்தில் நிரப்பி, அதன் முன்னே காவி படிந்த வறண்ட நிலத்தில் மான்களை நிறுத்தினேன். ஏக்கம் தாளில் வந்துவிட்டது. மகிழ்ச்சியை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பழைய கிறிஸ்தவக் கலைஞர்கள் நீர் அருந்தும் மான்களையே விரும்பினார்கள். இத்தாலியின் ரவென்னாவில் உரோமைப் பேரரசி கல்லா பிளசிடியாவின் 5ஆம் நூற்றாண்டு நினைவு மண்டபத்திலும், உரோமைப் புனித கிளமெந்து ஆலயத்தின் 12ஆம் நூற்றாண்டு மொசைக்கிலும் அவற்றைக் காணலாம். பின்னதில் சிலுவையின் அடியிலிருந்து பெருகும் ஆறுகளில் அவை வாய் வைக்கின்றன. திருப்பாடலின் மானோ இன்னும் நீரைக் காணவில்லை. இரண்டில் எதைத் தீட்டுவது என்ற கேள்வியோடுதான் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை இரவு, 1852இல் கட்டப்பட்ட புனித மரியாள் பேராலயத்தின் வான்நீல முகப்பின் முன் நின்றேன்.

அன்றிரவு திருமுழுக்கு இருந்ததால், தூய நீரைத் தெளிப்பேன் என்று ஆண்டவர் வாக்களிக்கும் இறைவாக்கினர் எசேக்கியேலின் வாசகத்துக்குப் பின் அதே 42ஆம் திருப்பாடலைப் பாடினார்கள். பின்னர் நடுத்தர வயதுப் பெண்ணொருவர் குனிந்து தலையில் நீர் வாங்கினார். நிமிர்ந்தபோது அவர் அழுதாரா சிரித்தாரா என்று பிரித்தறிய முடியவில்லை. எத்தனை காலம் காத்திருந்தாரோ! என்னை அதைவிட அசைத்தது அதற்குப் பின் நடந்ததுதான்: கூந்தலின் ஈரம் காயுமுன்பே அவர் முதன்முறையாக நற்கருணை அப்பத்தைப் பெறக் கைகுவித்து நடந்தார். தாகம் தீர்ந்தவர் இன்னும் வேண்டி நின்றார். அந்த வேண்டுதலில் துயரத்தின் சாயலே இல்லை, முகம் முழுவதும் மலர்ந்திருந்தது.

உயிர்த்த ஞாயிறு காலையில் ஓவியத்தை மீண்டும் எடுத்தேன். உப்புக் கடலை அப்படியே விட்டுவிட்டு, வறண்ட நிலத்தின் நடுவே சிலுவையடியில் ஓர் ஊற்றைத் திறந்தேன். ஒரு மான் குனிந்து குடிக்கிறது. குடித்து முடித்த மற்றொன்றை, நீர் சொட்டும் வாயோடு, அந்த ஊற்றின் கண்ணை நோக்கி மேலும் நடக்கவைத்தேன்.