சேமியா ஐஸும் ஒரு கிலோ கல் உப்பும்

போன மே மாதம் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரும் லீவுக்கு மதுரை வந்திருந்தார்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஆறு. வந்த மறுநாளே, "மாமா, வண்டியில வர்ற ஐஸ் வாங்கிக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க, அதனால நீங்களே செஞ்சு குடுங்க" என்று பெரியவள் உத்தரவு போட்டுவிட்டாள். ஐஸ்தானே, தண்ணியை ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஆயிற்று, இதில் என்ன பெரிய வித்தை என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

முதல் ஐஸ் தர்பூசணி. பழத்தை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, அதே அளவு தண்ணீர் சேர்த்து, பிள்ளைகள் சாப்பிடுவதாயிற்றே என்று சீனியை ஒரே ஒரு ஸ்பூனோடு நிறுத்தி, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் பார்த்தால் நல்ல சிவப்பாக அழகாகத்தான் இருந்தது. சின்னவன் கடித்துப் பார்த்தான், பல் இறங்கவில்லை. ஏற்கெனவே முன்பல் ஆடிக்கொண்டிருந்த பையன், எனக்குப் பக்கென்றது. சரி சப்பிச் சாப்பிடு என்றேன். ஐந்து நிமிடம் உறிஞ்சியதில் சிவப்பெல்லாம் வாய்க்குள் போய்விட்டது, குச்சியில் வெறும் வெள்ளைக் கட்டி நிற்கிறது. அதைத் தூக்கிக் காட்டி, "மாமா, சத்து போயிருச்சு" என்றான்.

அந்த வெள்ளைக் கட்டியைச் சின்ன வயதில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் உறையும்போது அதன் படிகத்துக்குள் சீனிக்கும் சாயத்துக்கும் இடம் கிடையாது. தண்ணீர் தனியாகக் கட்டி சேர்ந்துகொண்டு மற்றதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிடும், தள்ளப்பட்டது கெட்டியான பாகாகப் படிகங்களுக்கு நடுவே தங்கும். நாம் உறிஞ்சுவது அந்தப் பாகைத்தான். பாகு கொஞ்சமாக இருந்தால் ஐஸ் கல்லாகிவிடும், பல் இறங்குவதற்கு வழி விடுவதே நடுவில் உறையாமல் நிற்கும் அந்தப் பாகுதான். அதனால் சீனியைக் குறைப்பது இனிப்பைக் குறைப்பதோடு முடியாது, ஐஸின் மிருதுவும் கூடவே போய்விடும். ஆரோக்கியம் என்று நினைத்து நான் செய்தது இந்தத் தப்பைத்தான். (அந்தக் காலத்துக் கலர் ஐஸில் சீனிக்குப் பதில் சாக்கரின் போடுவார்கள் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சாக்கரின் சீனியைப் போல முந்நூறு மடங்குக்கு மேல் இனிக்கும், அதனால் துளி போட்டால் போதும், துளி போட்டால் பாகு சேராது. அந்த ஐஸ் ஏன் அப்படிக் கட்டையாக இருந்தது என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது.)

அடுத்த நாள் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். வீட்டில் நன்னாரி சர்பத் பாட்டில் இருந்தது. அதில் பாதி, தண்ணீர் பாதி, ஒரு மூடி எலுமிச்சை என்று கலந்து வைத்தேன். பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் குச்சி மட்டும் கையோடு வருகிறது, டம்ளருக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு சேறு. அதை ஸ்பூனால் அள்ளித் தின்றோம், உண்மையைச் சொன்னால் பிரமாதமாக இருந்தது, ஆனால் குச்சி ஐஸ் என்று சொல்ல முடியாது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி வாக்கில் இருக்கும், அவ்வளவு சீனி இருந்தால் அந்தக் குளிரிலும் பாதி உறையாமலே நிற்கும். ஒரு பங்கு சர்பத்துக்கு நாலு பங்கு தண்ணீர் என்று மாற்றியதும் சரியாக வந்தது. இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு, பழச்சாறோ பாலோ எதுவானாலும் அதில் இருக்கிற இனிப்பையும் சேர்த்து லிட்டருக்கு 150 முதல் 180 கிராம் சீனி. உறைய வைக்கும் முன் ருசி பார்த்தால் லேசாகத் திகட்ட வேண்டும், ஏனென்றால் குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். தங்கையிடம் இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை.

அப்புறம்தான் பெரியவள் சேமியா ஐஸ் கேட்டாள். அதுவரை எனக்கும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு பெரிய தொட்டி, தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். மைனஸில் குளிர்ந்திருந்தாலும் உப்பு இருப்பதால் அது உறையாது. வரிசையாகப் பொருத்தின தகர அச்சுகளில் பாலை ஊற்றி, குச்சிகளைப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தை மேலே மாட்டி, அப்படியே தொட்டிக்குள் இறக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் தூக்கிச் சாதா தண்ணீரில் ஒரு முக்கு முக்கி இழுத்தால் மொத்த ஐஸும் சட்டத்தோடு வெளியே வரும். சேமியா ஐஸில் சேமியா எப்போதும் உச்சியில் மட்டுமே இருப்பதன் ரகசியமும் அங்கேதான் இருக்கிறது. அச்சில் ஐஸ் தலைகீழாக நிற்கிறது, சேமியா கனத்தில் அடியில் போய்ப் படிகிறது, வெளியே எடுத்துத் திருப்பினால் அடி உச்சியாகிவிடுகிறது. முதல் நாலு கடியில் சேமியா தீர்ந்துவிட, மீதியை வெறும் பால் ஐஸாகத் தின்ற பிள்ளைகளுக்கு இது தெரிந்திருந்தால் குச்சிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருப்போம்.

என் செய்முறை இது. ஒரு லிட்டர் கொழுப்பு எடுக்காத பாலை அடிகனமான பாத்திரத்தில் முக்கால் லிட்டர் ஆகும் வரை சுண்டக் காய்ச்ச வேண்டும், 130 கிராம் சீனி, ஒன்றரை மேஜைக்கரண்டி சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) கொஞ்சம் ஆறின பாலில் கரைத்து ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்க விட வேண்டும். சோள மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் படிகம் பெரிதாகாது, கடிக்கும்போது நறநறவென்று இருக்காது. சேமியா ஒரு கைப்பிடி, 30 கிராம் போதும். பாயசப் பழக்கத்தில் நெய்யில் வறுத்துவிடாதீர்கள், நெய் உறைந்து மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும், நான் வறுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். வெறும் சட்டியில் வறுத்து, தனியாகத் தண்ணீரில் உப்புமாவுக்கு வேகவைப்பதைவிடக் கூடுதலாகக் குழைய வேகவைத்து, வடித்து அலசிவிட்டுப் பாலில் சேர்க்க வேண்டும். உறைந்தால் சேமியா விறைத்துக்கொள்ளும் என்பதால் முன்கூட்டியே குழைவாக இருப்பது நல்லது. இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. இதையெல்லாம் நன்றாக ஆறவைத்து ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் டம்ளரில் ஊற்ற வேண்டும். சின்ன டம்ளரில் எட்டு வரும். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் மணம் அபாரமாக இருக்கும், ஆனால் பால் சூடாக இருக்கும்போது கருப்பட்டிப் பாகை ஊற்றினால் திரிந்துவிடும் ஆபத்து உண்டு, பாகும் பாலும் இரண்டுமே ஆறின பிறகு சேருங்கள்.

இவ்வளவு செய்தும் ஃப்ரீசரில் வைத்த முதல் சேமியா ஐஸ் சுமார்தான். ஏழு மணி நேரம் ஆயிற்று, ஓரமெல்லாம் ஐஸ் ஊசி ஊசியாக, நடுவில் மட்டும் இனிப்பு சேர்ந்து கிடந்தது. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாக வளரும், வளர்ந்துகொண்டே இனிப்பையெல்லாம் நடுப்பக்கம் தள்ளும். காற்றுக்குக் குளிரைக் கடத்தும் வேகம் கிடையாது. ஐஸ் கம்பெனிக்காரர் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் வைத்திருந்ததன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. அதையே வீட்டில் செய்தால் என்ன?

மீன்காரரிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கினேன். ஜூஸ் கடைகளுக்கு ஐஸ் போடுகிறவரிடம் மூன்று கிலோ ஐஸ் கட்டி, மளிகைக் கடையில் ஒரு கிலோ கல் உப்பு. ஐஸைச் சாக்கில் போட்டு அம்மிக் குழவியால் நொறுக்கி, ஒரு அடுக்கு ஐஸ் ஒரு அடுக்கு உப்பு என்று பெட்டியில் போட்டு, நடுநடுவே டம்ளர்களைக் கழுத்தளவு புதைத்தேன். உப்பு பட்டதும் ஐஸ் உருக ஆரம்பிக்கும், உருகுவதற்கு வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது பக்கத்தில் இருக்கும் பாலிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். உப்பும் ஐஸும் சரியான அளவில் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகும், நம் ஃப்ரீசரையே தோற்கடிக்கும் குளிர். பானை குல்பி விற்கிறவர்கள் கரண்ட் இல்லாமல் வண்டியிலேயே சமாளிப்பதும் இதை வைத்துத்தான். அரை மணி நேரத்தில் பால் களி மாதிரி ஆனதும் குச்சியைச் செருகினேன் (முதலிலேயே செருகினால் குச்சி மிதந்து சாயும், டம்ளர் வாயை ஃபாயிலால் மூடிக் கீறல் போட்டுச் செருகினால் அந்தத் தொல்லை இல்லை, உள்ளே உப்புத் தண்ணீர் தெறிக்கவும் தெறிக்காது). ஒன்றேகால் மணி நேரத்தில் எட்டும் கெட்டி.

எடுத்தபோது அம்மாதான் முதலில் கடித்தார். பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் சோதிக்கிறாராம். "ஏண்டா, இது கடை ஐஸ் மாதிரியே இருக்கே" என்றார். எங்கள் வீட்டில் இது பாராட்டு.

இதில் எனக்கு நேர்ந்த விபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபாயில் போடாத ஒரு டம்ளருக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டது, அது பெரியவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அன்று சாயங்காலம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. இன்னொன்று, உருகின தண்ணீர்தானே என்று பெட்டிக்குள் வெறுங்கையை விட்டு டம்ளரைத் துழாவினேன், ஐந்தாறு விநாடியில் விரல் மரத்து வலி உயிர் போயிற்று. ஐஸ் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரி, இது அதற்கும் வெகு கீழே, கையில் துணியோ இடுக்கியோ இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே விடாதீர்கள். டம்ளரிலிருந்து ஐஸைக் கழற்றச் சுடுதண்ணீர் வேண்டாம், ஐஸ் வெளிப்பக்கம் வழவழவென்று கரைந்து உருவமே போய்விடும். குழாய்த் தண்ணீரில் ஐந்து விநாடி காட்டினால் போதும் என்று எழுத ஆசைதான், ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் மேல்தொட்டித் தண்ணீரே காபி போடலாம் போல வரும், குடத்துத் தண்ணீரில்தான் கழற்றினேன்.

திராட்சை ஐஸ் இதைவிடச் சுலபம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சை, அதுதான் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஜாதி, அரைக் கிலோவைக் கால் டம்ளர் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, தோல் வெடித்து நிறம் இறங்கியதும் மசித்து வடிகட்டி, இனிப்புப் பார்த்துக் கொஞ்சம் சீனி, அரை மூடி எலுமிச்சை. எசன்ஸும் கலரும் தேவையே இல்லை, நாக்கு தானாக ஊதாவாகும். திராட்சையை முழுசாகக் கழுவித் துடைத்து, எலுமிச்சைச் சாற்றில் புரட்டிச் சீனித் தூள் ஒட்டவைத்து அப்படியே ஃப்ரீசரில் போட்டால் நாலு மணி நேரத்தில் மிட்டாய். விதையில்லாத பச்சைத் திராட்சை இதற்கு நல்லது. சின்னவனுக்கு மட்டும் நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுத்தேன், முழுத் திராட்சை சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், உறைந்தது இன்னும் மோசம்.

சாக்லேட் வாழைப்பழம் என்று ஒன்று பெரியவள் எங்கோ பார்த்துவிட்டு வந்து கேட்டாள். பழத்தைத் துண்டு போட்டுக் குச்சி குத்தி உறைய வைத்து, உருக்கின சாக்லேட்டில் முக்க வேண்டும். 100 கிராம் சாக்லேட்டுக்கு இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் சேர்த்தால் முக்கி எடுத்த சில விநாடிகளில் பட்டென்று ஓடு மாதிரி இறுகிவிடும், மார்கழியில் பாட்டிலுக்குள் எண்ணெய் உறைகிறதே, அதே கதைதான் இங்கே ஒரு நிமிடத்துக்குள் நடக்கிறது. கொதிக்கும் தண்ணீர் மேல் கிண்ணம் வைத்து உருக்கும்போது ஆவியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் சாக்லேட் திரண்டு மண் மாதிரி ஆகிவிடும். எனக்கு ஆயிற்று. அதைக் காப்பாற்றி முக்கும் பதத்துக்குக் கொண்டுவர முடியாது, சூடான பாலை ஊற்றிக் கலக்கிக் குடித்துவிடுவதுதான் வழி. குடித்தோம்.

செய்ததை மூடி போட்ட டப்பாவில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். திறந்து வைத்தால் ஃப்ரீசரில் இருக்கும் வஞ்சிர மீன் வாடை பால் ஐஸில் ஏறும், கரண்ட் போய்ப் பாதி உருகி மறுபடி உறைந்தாலும் ஊசி ஊசியாகிவிடும். உறைந்ததை உடனே வாயில் வைக்காமல் மேலே பனி வெண்மை மறையும் வரை ஓரிரு நிமிடம் வெளியே வைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

பெட்டியில் மிஞ்சின உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போனேன், அம்மா பார்த்துத் தடுத்துவிட்டார், கறிவேப்பிலைக் கன்று பிழைத்தது. அகலமான பிளாஸ்டிக் தாம்பாளங்களில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தேன். மதுரை வெயிலில் நாலு நாளில் தண்ணீர் போய், உப்பு திரும்பக் கட்டி கட்டியாக வந்துவிட்டது. கொஞ்சம் அழுக்கு நிறம்தான், ஆனால் ஐஸுக்குத்தானே. டப்பாவில் போட்டு, அம்மா மறந்துபோய்க் குழம்பில் போட்டுவிடாமல் மேலே "ஐஸ் உப்பு" என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் காலாண்டு லீவுக்கு வருகிறார்களாம்.