வின்32 மெனுவில் ஐகான் சேர்த்த அனுபவம்

மருந்துக் கடைகளுக்கான ஒரு பில்லிங் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். எந்த ஃபிரேம்வொர்க்கும் இல்லாமல் நேரடியாக வின்32 ஏபிஐயில் (விண்டோஸ் தரும் அடிப்படை ஃபங்ஷன்களில்) எழுதிய பழைய சி++ கோட். டூல்பாரில் இருக்கும் படங்களே மெனுவிலும் வந்தால் புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை, செய்து கொடுத்தேன். இதே வேலை வேறு யாருக்காவது வந்தால் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

இதற்கு ‘செட் மெனு ஐட்டம் பிட்மேப்ஸ்’ என்று ஒரு பழைய ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை எடுத்துவிட வேண்டாம். அது டிக் குறி வரும் இடத்தில் நம் படத்தை வைப்பதற்கானது. நமக்கு வேண்டியது ‘செட் மெனு ஐட்டம் இன்ஃபோ’. அதற்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்சரில், பிட்மேப்பை (பிக்சல்களாக உள்ள படத்தை) மட்டும் மாற்றுகிறோம் என்று மாஸ்க்கில் குறிப்பிட்டு, ‘எச்பிஎம்பி ஐட்டம்’ என்ற இடத்தில் பிட்மேப் ஹேண்டிலை (அந்தப் படத்தைக் குறிக்க விண்டோஸ் தரும் அடையாளத்தை) வைத்தால் போதும். மெனு பக்கத்து வேலை அவ்வளவுதான்.

மெனு கேட்பது பிட்மேப். நம் ரிசோர்ஸில் (புரோகிராமுக்குள் சேர்த்து வைத்த படங்களில்) இருப்பதோ ஐகான். நேரம் முழுக்க இந்த மாற்றத்தில்தான் போகிறது. பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று 0 முதல் 255 வரை சொல்லும் எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். அது இல்லாத 24 பிட் பிட்மேப்பைக் கொடுத்தால் படத்தைச் சுற்றிக் கட்டமாக ஒரு பின்னணி நிற்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து 32 பிட் பிட்மேப்பை ஒளிபுகும் தன்மையோடு மெனுவே வரைந்துவிடுகிறது, ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளும் ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கப்பட்டிருக்க வேண்டும்.

காரணம் எளிது. வரையும்போது விண்டோஸ் நம் பிக்சலை அப்படியே எடுத்து, பின்னணியில் மிச்சமுள்ள பங்கைக் கூட்டுகிறது. வெள்ளைப் பின்னணியில் பாதி தெரியும் சாம்பல் நிறப் பிக்சல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: மதிப்பு 200, ஆல்ஃபா 128. பெருக்காமல் கொடுத்தால் 200-உடன் பின்னணியின் 127 சேர்ந்து 255-ஐத் தாண்டிவிடும். பெருக்கிக் கொடுத்தால் 100-உடன் 127 சேர்ந்து 227 வரும், அதுதான் சரி. ஐகானின் ஓரங்களிலும் நிழல்களிலும் இப்படிப் பாதி தெரியும் பிக்சல்கள்தான் நிறைய. அதனால்தான் தவறாகக் கொடுத்த படத்தின் விளிம்பு கண்ணைக் குத்தும்.

பெருக்கலை நாமே லூப் போட்டுச் செய்யலாம். படங்களைக் கையாள விண்டோஸிலேயே இருக்கும் விண்டோஸ் இமேஜிங் காம்பொனென்ட்டிடம் கொடுப்பதே எனக்குச் சுத்தமாகத் தெரிகிறது. ஐகானிலிருந்து அதன் வழியாக ஒரு படத்தை உருவாக்கி, ‘32பிபிபி பிபிஜிஆர்ஏ’ வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் பெருக்கியே தந்துவிடும். அப்புறம் அந்தப் பிக்சல்களை ஒரு டிஐபி செக்‌ஷனுக்குள் (பிக்சல்களை நாமே நேரடியாக எழுதக்கூடிய பிட்மேப்புக்குள்) நகலெடுக்க வேண்டும். டிஐபியை உருவாக்கும்போது உயரத்தை மைனஸ் எண்ணாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் படம் தலைகீழாக வரும்.

அளவை 16 என்று கோடில் எழுதிவிடக் கூடாது. திரையின் ஸ்கேலிங் 100 சதவீதத்தில் இருந்தால்தான் 16. 125-இல் 20, 150-இல் 24. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து ‘கெட் சிஸ்டம் மெட்ரிக்ஸ் ஃபார் டிபிஐ’ இருக்கிறது. சின்ன ஐகானின் அளவை அதனிடமே கேட்டுவிடலாம். ஐகானை ஏற்ற ‘லோட் ஐகான் வித் ஸ்கேல் டவுன்’ நல்லது. சரியான அளவு கோப்பில் இல்லையென்றால் பெரிய படத்திலிருந்து சுருக்கும், சின்னதை இழுத்து மங்கலாக்காது.

இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகள் பலவும் பிட்மேப்புக்குப் பதிலாக ‘கால்பேக்’ மதிப்பைக் கொடுத்து, நாமே வரையச் சொல்லும். எக்ஸ்பி காலத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. விஸ்டா முதல் அப்படிச் செய்தால் மெனுவின் தீம் போய்ப் பழைய தோற்றத்துக்குத் திரும்பிவிடும்.

இன்னொரு விஷயம், பிட்மேப்பின் ஆயுள். மெனு அழிந்தாலும் பிட்மேப் அழியாது, நாம்தான் விடுவிக்க வேண்டும். மெனு திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கி விட்டுவிட்டால் ஜிடிஐ ஆப்ஜெக்டுகள் (வரைவதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் பிட்மேப் போன்றவை) ஏறிக்கொண்டே போகும். ஒரு ப்ராசஸுக்கு இயல்பான வரம்பு 10,000. காலையில் திறந்த பில்லிங் திரையை இரவில்தான் மூடுவார்கள் என்பதால் இதில் மெத்தனம் கூடாது. டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் ஜிடிஐ ஆப்ஜெக்ட் நெடுவரிசையை வரவழைத்து, மெனுவைத் திறந்து மூடிக்கொண்டே எண்ணைப் பார்த்தேன். அசையாமல் நின்றது.

சில மெனுக்களில் டிக் குறியும் ஐகானும் கலந்து வரும். அங்கே ‘செட் மெனு இன்ஃபோ’ வழியாக ‘செக் ஆர் பிஎம்பி’ ஸ்டைலைக் கொடுத்தால் இரண்டும் ஒரே நெடுவரிசையில் ஒழுங்காக நிற்கும். டிக் விழுந்த ஐட்டத்தில் மட்டும் ஐகான் மறைந்துவிடும், எங்களுக்கு அதில் குறை இல்லை.

எல்லா ஐட்டத்துக்கும் ஐகான் வைக்கச் சொன்னார்கள். புதிய பில், அச்சு, சரக்கு தேடல் என்று டூல்பாரில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு மட்டும் வைத்தேன். மீதி எல்லாம் எழுத்தாகவே இருக்கின்றன.