ஸ்காபுறோ வீட்டு விபரம் கிடைத்தது, வெள்ளவத்தை வீட்டு விபரம்?

கனடாவின் ஸ்காபுறோவில் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் முகவர் ஒருவர் என் மச்சானுக்குத் தெரிந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனக்கு ஒரு இணையத்தளம் வேண்டும், ரொறன்ரோப் பக்கம் விற்பனைக்கு வரும் வீடுகளெல்லாம் அன்றன்றே அதில் தெரிய வேண்டும் என்றார். "தம்பி, ரியல்ரர்.சிஏயில எல்லாம் கிடக்குதுதானே, அதிலயிருந்து இழுத்துப் போடுமன்" என்பது அவர் சொன்ன வழி. ரியல்ரர்.சிஏ கனடாவின் வீட்டு விளம்பரங்களைக் காட்டும் தளம். கொழும்பில் இருந்துகொண்டு வெளிநாட்டு வேலை செய்யும் டெவலப்பர்கள் பலர் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். அந்த வேலை எப்படி முடிந்தது, அதே வேலையை இங்கே கொழும்பு வீடுகளுக்குச் செய்யப் போனபோது என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

இழுத்துப் போட முடியுமா என்றால் முடியும், பைதன் நிரல்மொழியில் ஒரு பின்னேர வேலை. ஆனால் அந்தத் தளத்தின் பாவனை நிபந்தனைகள் அதைத் தடுக்கின்றன. கனடாவில் இது நீதிமன்றம் வரை போன விஷயமும்கூட. வீட்டு முகவர் நிறுவனமான சென்சுரி 21 கனடாவின் தளத்திலிருந்து வீட்டு விபரங்களை எடுத்துப் போட்டது ரொஜர்ஸ் நிறுவனத்தின் ஸூகாசா தளம். அது நிபந்தனையை மீறிய செயல் என்று பிரிட்டிஷ் கொலம்பியா உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்னது. இதை முகவரிடம் சொன்னதும் ஆள் அமைதியாகிவிட்டார். உரிமம் வைத்துத் தொழில் செய்பவர் அல்லவா.

வட அமெரிக்காவில் வீட்டு விளம்பரங்கள் எம்எல்எஸ் என்ற பொதுப் பட்டியலுக்குள் இருக்கின்றன. முகவர்கள் சேர்ந்து நடத்தும் பட்டியல் அது. ஒரு முகவர் ஒரு வீட்டைப் பதிந்தால் மற்ற முகவர்களும் அதைத் தங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டலாம். வெளியில் இருக்கும் டெவலப்பர் நேரே போய் "எனக்கு ஏபிஐ (நிரல் தானாகத் தரவு எடுக்கும் வழி) தாருங்கள்" என்று கேட்டால் வேலைக்காகாது. உரிமம் உள்ள ஒருவர் "இவர் எனக்காக வேலை செய்கிறார்" என்று கையெழுத்து வைக்க வேண்டும். கனடா முழுவதற்கும் பொதுவாக, கனேடிய ரியல் எஸ்டேட் சங்கம் டிடிஎஃப் என்ற தரவு விநியோக முறையை நடத்துகிறது. ரொறன்ரோ பிராந்திய ரியல் எஸ்டேட் சபைக்குத் தனி வழி. நாங்கள் டிடிஎஃபில் தொடங்கினோம்.

யூடியூபில் இருக்கும் பழைய பாடங்களை நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பாடங்கள் அமெரிக்க வீட்டு விளம்பரத் தளமான ஸில்லோவின் பொது ஏபிஐயைக் காட்டுகின்றன. அது 2021இல் மூடப்பட்டது. மீதிப் பாதி ரெட்ஸ் என்ற பழைய நெறிமுறையில் நிற்கின்றன. இப்போது நடப்பில் உள்ளது ரெசோ வெப் ஏபிஐ. ஓடேட்டா என்ற கேள்வி முறையில் கேட்டால் ஜேசன் என்ற எழுத்து வடிவில் பதில் வரும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

இழுபட்டது காகித வேலைதான். எந்த டொமைனில் காட்டப் போகிறோம், யார் செய்து கொடுக்கிறார்கள், எந்த வகைத் தரவு வேண்டும் என்று படிவங்கள். விற்று முடிந்த விலையையும் காட்ட வேண்டும் என்று முகவர் ஆசைப்பட்டதால் ரொறன்ரோச் சபையின் ஒப்பந்தமும் வந்து சேர்ந்தது. அதற்கு அவருடைய கையெழுத்து மட்டும் போதவில்லை, அவர் வேலை செய்யும் புரோக்கரேஜின் (முகவர் நிறுவனத்தின்) பொறுப்பாளரும் வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் கோடைக்குக் கொட்டேஜ் போய்விட்டார். கோடையில் அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஏழரை. சாப்பாட்டுத் தட்டோடு மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே சில வாரங்கள் போயின.

விற்ற விலையைக் காட்டுவதே அங்கே ஒரு நீண்ட சண்டையின் பலன். அதை மறைத்து வைப்பது போட்டியைக் கெடுக்கிறது என்று கனடாவின் போட்டிப் பணியகம் ரொறன்ரோச் சபை மீது வழக்குப் போட்டது. சபையின் மேன்முறையீட்டை எடுக்க உச்ச நீதிமன்றம் 2018 ஓகஸ்டில் மறுத்ததோடு சண்டை முடிந்தது. அதன் பிறகும் அந்த விலையைத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் காட்ட முடியாது. பதிவு செய்து உள்ளே வருபவருக்கு மட்டும்தான். ஆகவே லொகின் பக்கம் ஒன்றும் கட்ட வேண்டியிருந்தது.

தரவை எடுக்கும் திறவுகோல் கையில் வந்த பிறகு நிரல் வேகமாக ஓடியது. அதைக் கொடுத்து வாங்கும் டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, ஒரு மணி நேரம் செல்லும். கடைசியாக மாறிய நேரத்தை வைத்துக் கேட்டால் புதியவையும் மாறியவையும் மட்டும் வரும். கவனிக்க வேண்டியது நீங்கிப்போன வீடுகளை. ஒரு வீடு விற்றுப் பட்டியலை விட்டுப் போனால் "போய்விட்டது" என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இருக்கும் வீடுகளின் எண்களை மட்டும் தனியாக எடுத்து, நம்மிடம் உள்ளதோடு ஒப்பிட்டு, அங்கே இல்லாததை இங்கே அழிக்க வேண்டும். அதைச் செய்யாத தளத்தில் விற்ற வீடுகள் பேய் மாதிரி உலாவும். வாடகைக்கு விடும் வீட்டின் தொகை விற்பனை விலைப் புலத்தில் வராது, வேறு புலத்தில் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தளம் ஓடத் தொடங்கியது. அப்புறம்தான் இங்கே நண்பர்களுக்கு ஆசை வந்தது. வெள்ளவத்தையில் இருந்து தெஹிவளை வரை வாடகையும் காணி விலையும் வரைபடத்தில் தெரிகிற மாதிரி ஒன்று செய்தால் என்ன?

இங்கே எம்எல்எஸ் கிடையாது. இக்மன், லங்கா புரொப்பர்ட்டி வெப் போன்ற தளங்கள் தனித்தனியே நிற்கின்றன. ஒரே அப்பார்ட்மென்ட்டை மூன்று புரோக்கர்கள் மூன்று விலையில் போட்டிருப்பார்கள், படம் மட்டும் ஒன்றாக இருக்கும். விளம்பரத் தளம் ஒன்றுக்கு, உங்கள் தரவைக் காசு கொடுத்து உரிமத்தோடு வாங்கலாமா என்று எழுதினேன். விளம்பரக் கட்டண அட்டவணையைப் பதிலாக அனுப்பினார்கள். திரும்ப எழுதினேன், விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்து எந்தப் பெக்கேஜ் வேண்டும் என்று அன்பாகக் கேட்டார்.

கேட்காமல் எடுக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். படங்களுக்கு 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் ஒருவரின் தனிப்பட்ட தரவு. அதற்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. அதோடு, ஸ்காபுறோக்காரருக்கு வேண்டாம் என்று சொன்னதை எனக்கு மட்டும் சரி என்று எப்படி வைத்துக்கொள்வது?

அரசாங்கப் பக்கம் போனால் கிடைப்பது வேறு வகை. கொழும்பு மாவட்டக் காணி விலை மதிப்பீட்டுச் சுட்டியை மத்திய வங்கி அரையாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. குடியிருப்பு, வர்த்தகம், கைத்தொழில் என்று பிரிந்திருக்கும். போக்கைப் பார்க்க நல்லது, ராமகிருஷ்ணா வீதியில் ஒரு வீட்டு வாடகை என்ன என்று அது சொல்லாது. காணிப் பதிவகத்தில் ஏட்டைத் தேடிப் பார்க்கலாம், அது ஒரு காணியை வாங்கப் போகிறவருக்கான வழி. தெருக்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடம் தாராளமாகப் போதும். மூலத்தைக் குறிப்பிட்டால் சரி.

கடைசியில் மனிதர்களிடம்தான் போனோம். வெள்ளவத்தையில் நெடுங்காலம் தரகு செய்யும் அண்ணை ஒருவர் தன் வாட்ஸ்அப் விளம்பரங்களைத் தர ஒத்துக்கொண்டார். அவர் அனுப்பிய முதல் விளம்பரங்களில் ஒன்று இது: "தெஹிவளை 8 பேர்ச் காணி, காலி வீதிக்குக் கிட்ட, தெளிவான உறுதி, 28." இருபத்தெட்டு என்ன? பேர்ச்சுக்கு 28 லட்சம் என்றால் மொத்தம் 2 கோடி 24 லட்சம். மொத்தமே 28 மில்லியன் என்றால் 2 கோடி 80 லட்சம். பத்துப் பேர்ச்சாக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், பிரச்சினையே தெரியாது! அண்ணையிடம் கேட்டால், "அது ஆக்களுக்கு விளங்கும் தம்பி" என்றார். ஆக்களுக்கு விளங்கும், டேட்டாபேஸுக்கு விளங்காதே. ஆகவே பேர்ச் விலை, மொத்த விலை என்று இரண்டு கட்டம் வைத்துக் கூகிள் படிவம் ஒன்று செய்து கொடுத்தோம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்று மாற்றிக் காட்டும் வேலையைத் தளம் பார்த்துக்கொள்ளும்.

அவரோடு தமிழில் ஒரு பக்க ஒப்பந்தமும் எழுதினோம். படம் அவரோ வீட்டுக்காரரோ எடுத்ததாக இருக்க வேண்டும், வீட்டு இலக்கம் வெளியே தெரியாது, எண்ணை அழுத்தினால் அழைப்பு அவருக்கே போகும். இரண்டு வாரத்துக்குள் "இன்னும் இருக்கிறது" என்று அவர் உறுதிப்படுத்தாத விளம்பரம் தானாக மறைந்துவிடும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு மட்டும் அண்ணை இன்னும் முணுமுணுக்கிறார். போய்விட்ட வீட்டின் விளம்பரத்தைப் பார்த்துத்தான் புதிய ஆட்கள் நிறையப் பேர் அவரைக் கூப்பிடுகிறார்களாம்.