கல்சட்டியைப் பார்சலில் அனுப்புவது

ஆன்லைனில் ஏதாவது விற்கலாம் என்று இருக்கிறேன் என்றதும் எல்லாரும் சொன்ன யோசனை சேலை. அடுத்த யோசனை நைட்டி. கனம் கிடையாது, உடையாது, மடித்துக் கவரில் போட்டால் வேலை முடிந்தது. நான் எடுத்ததோ கல்சட்டி. சேலத்தில் இருப்பவளுக்கு மாக்கல்லில் சட்டி கடைபவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்தால் ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு போவார்கள். சரக்கு இருக்கிறது, கேட்கிற ஆளும் இருக்கிறது, நடுவில் ஒரு வழி போட வேண்டியதுதான் பாக்கி. கனமான பொருளோ உடைகிற பொருளோ விற்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள். பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கடைசிப் பக்கத்தில் பணம் கேட்கும். முகவரியின் கடைசியில் ‘கவ் டாட் இன்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

ஜிஎஸ்டியில்தான் நாள் இழுத்தது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அது மாநிலத்துக்குள்ளேயே விற்பவர்களுக்கு. ஓசூரைத் தாண்டி ஒரு சட்டி போனாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். கைவினைப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டுதான். ஆனால் “அதை நம்பி உட்கார வேண்டாம், எடுத்துவிடுங்கள்” என்றார் ஆடிட்டர். எனக்கு வரும் விசாரிப்பில் பெரும்பங்கு பெங்களூரிலிருந்து என்பதால் நானும் யோசிக்கவில்லை.

விண்ணப்பத்துக்கும் கட்டணம் இல்லை. தொழில் நடக்கும் இடத்துக்குச் சான்று கேட்பார்கள். வீட்டிலிருந்தே செய்வதால் இபி பில்லும் சொத்து வரி ரசீதும் கொடுத்தேன். இரண்டும் மாமனார் பெயரில் இருந்தன, அவர் காலமாகிவிட்டார். நம் ஊரில் பாதி வீட்டில் நிலைமை இதுதானே! விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதற்கு ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும், விட்டால் விண்ணப்பத்தையே தள்ளிவிடலாம். வாரிசுச் சான்றிதழ், அத்தை கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதம், புது சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றினேன், எண் வந்தது. உங்கள் வீட்டு ரசீதும் பெரியவர்கள் பெயரில் இருந்தால், விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே இதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் வந்த பிறகு வாசலில் தொழில் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் எழுதிய பலகை மாட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் லோன் கிடைக்குமா என்று விசாரித்தார். அவர் கேட்டதாவது பரவாயில்லை. பதிவு ஆனதிலிருந்து போனில் கடன் தருகிறேன், வெப்சைட் போட்டுத் தருகிறேன், ஐஎஸ்ஓ சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று விடாமல் அழைப்பு. இன்னொன்று, விற்பனையே இல்லாத மாதத்திலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதாவது கணக்கு, போட்டே ஆக வேண்டும். வெறும் ரிட்டர்னுக்கே தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 20 ரூபாய். சிறு வியாபாரிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் வசதி இருக்கிறது, நான் அதில்தான் இருக்கிறேன்.

கரண்ட் அக்கவுண்ட், வெப்சைட், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே மூன்றும் வேகமாக முடிந்தன. கேட்வேக்காரர்கள் திருப்பி எடுக்கும் விதி, அனுப்பும் விதி, தொடர்பு முகவரி இவற்றுக்குத் தளத்தில் தனித்தனிப் பக்கம் இருந்தால்தான் கணக்கைத் திறந்து விடுவார்கள். பொதுவாக 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 1,000 ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு போகும். வெப்சைட்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் வாங்குகிறவர்கள் அங்கே படம் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில்தான் பேரம் பேசுகிறார்கள்.

இனி பார்சல். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. முதலில் மண்சட்டியும் விற்கலாம் என்று பார்த்தேன். ஒன்றரைக் கிலோ மண்சட்டியைச் சுற்றிலும் திணித்து 30க்கு 30க்கு 25 பெட்டியில் வைத்தால் கணக்கு நாலரைக் கிலோ வருகிறது. மண்சட்டி விலையைவிடக் கூரியர் அதிகம். அதோடு அந்த ஆசையை விட்டேன். கல்சட்டி அதுவாகவே கனம் என்பதால், பெட்டியை இறுக்கமாகப் பிடித்துவிட்டால் இரண்டு கணக்கும் ஒட்டி வரும்.

ஆனால் இறுக்கமாகப் பிடித்தால் உடையும். மாக்கல் மெத்தென்ற கல், விளிம்பில் ஓர் இடி பட்டால் சில்லு பெயர்ந்துவிடும். பல விதமாகச் சுற்றிப் பார்த்து இப்போது நிலைத்திருக்கும் முறை இது: சட்டிக்குள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பேன். விளிம்பைச் சுற்றி அட்டைப் பட்டை. அதற்கு மேல் பபிள் ஷீட் நாலு சுற்று. ஐந்து அடுக்கு அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூலைகளில் தெர்மாகோல். மூடியைச் சட்டி மேலே கவிழ்க்கவே கூடாது. தனியாகச் சுற்றிப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். ஒட்டி முடித்ததும் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குவேன். உள்ளே ஏதாவது அசைகிற சத்தம் கேட்டால் பிரித்து மறுபடியும் கட்டுவேன். வைக்கோலும் வைத்துப் பார்த்தேன், அருமையாகத் தாங்குகிறது. ஆனால் பிளாட்டில் இருப்பவர்கள் வீடெல்லாம் தூசி என்கிறார்கள்.

ஒட்டிய பெட்டியைத் தராசில் வைத்து ஒரு படம், அளவு டேப்பை மேலே பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூரியர் கிடங்கில் மறுபடி எடை போட்டு, கூடுதல் என்று நாம் அவர்களிடம் கட்டி வைத்திருக்கும் முன்பணத்திலிருந்து பிடிப்பது சகஜம். படம் இருந்தால் திரும்ப வாங்கலாம்.

சட்டி முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகும் போன் வரும். “மேடம், விரிசல் விட்டிருக்கு” என்று படம் அனுப்புவார்கள். பெரும்பாலும் அது விரிசல் இல்லை, கல்லில் இயற்கையாக ஓடும் ரேகை. விரலால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல சட்டி ணங்கென்று பேசும், விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரிச் சத்தம் கொடுக்கும். இதைப் போனில் எப்படிப் புரியவைப்பது? அதனால் அனுப்புவதற்கு முன்பே சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, அடியில் வெள்ளைத் துணி விரித்து, கொஞ்ச நேரம் கழித்துத் துணி உலர்ந்தே இருப்பதை வீடியோ எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுகிறேன். ரேகை இருந்தால் அதையும் விரல் வைத்துக் காட்டிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் அப்போதே வேறு கேட்டுக்கொள்வார்கள்.

அதைவிடப் பெரிய பாடு பழக்குவது. புதுச் சட்டியை நேரே அடுப்பில் ஏற்றினால் வெடித்துவிடும். மஞ்சள் தூளை விளக்கெண்ணெயில் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஊறவிட்டு, அப்புறம் ஒரு வாரமாவது தினமும் சூடான வடிகஞ்சி ஊற்றி வைத்து, பிறகுதான் சின்னத் தீயில் ஆரம்பிக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் வந்த சட்டி எண்ணெய் குடிக்கக் குடிக்கக் கறுத்துக்கொண்டே போகும். குக்கரில் சோறு வைக்கிற வீட்டில் வடிகஞ்சிக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றச் சொல்கிறேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என அச்சடித்த தாளைப் பெட்டிக்குள்ளே வைக்கிறேன். அதைப் படிக்காமல் அடுப்பில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அதே செய்தியை ஆடியோவாகவும் அனுப்புகிறேன்.

கேஷ் ஆன் டெலிவரி கிடையாது என்பதில் மட்டும் நான் இறங்கி வருவதில்லை. கதவு வரை போன பெட்டியை வேண்டாம் என்று திருப்பினால் போக வர இரண்டு கூரியர் செலவும் என் தலையில்தான், வழியில் உடைவதும் என் கணக்கில்தான். முன்பின் தெரியாத ஆளுக்கு எப்படிப் பணம் போடுவது என்று தயங்குபவர்களிடம் வீடியோ காலில் வாருங்கள் என்பேன். அலமாரியில் இருக்கிற சட்டிகளைக் காட்டி, அவர்கள் கை நீட்டுவதையே எடுத்து அவர்கள் பெயரை எழுதி ஒட்டிவிடுவேன்.

வாங்கியவர்களிடமிருந்து இப்போது அடிக்கடி வரும் கேள்வி, “நீங்களே பழக்கிக் கொடுப்பீங்களா?” என்பதுதான். எங்கள் வீட்டில் தினமும் சோறு வடிப்பதால் கஞ்சிக்குப் பஞ்சமில்லை. ஒரு வாரம் தாமதமாகும், கூடுதலாக 250 ரூபாய் என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் உடனே சரி என்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை சட்டிக்குக் கஞ்சி ஊற்ற முடியும் என்று அத்தைதான் கணக்குப் போடுகிறார். அவர் சொல்லும் எண்ணைத் தாண்டி அந்த வாரம் ஆர்டர் எடுப்பதில்லை.