இரண்டு தொடர்கள், ஒரு நோட்டுப் புத்தகம்

பலமுறை பார்த்துச் சிரித்த ஒரு நகைச்சுவைத் தொடரை நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிடிபடுமா என்ற ஆசையில் தொடங்கிய பயிற்சிக்கு இப்போது 16 வாரங்கள் ஆகின்றன. முதலில் எடுத்துக்கொண்டது பிபிசியின் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு என மொத்தமே 12 பகுதிகள்தான் என்பதால், வாரத்துக்கு இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் இருமுறை பார்ப்பதாகத் திட்டம். டார்கீ என்னும் கடற்கரை ஊரில் விடுதி நடத்தும் பேசில், அவரை ஒரே பார்வையில் அடக்கிவிடும் மனைவி சிபில், பார்சிலோனாவிலிருந்து வந்து அரைகுறை ஆங்கிலத்தில் பரிமாறும் மானுவேல், எல்லாவற்றையும் சமாளிக்கும் பாலி ஆகிய நால்வரைச் சுற்றியே கதை நடக்கிறது. பேசிலாக நடித்த ஜான் கிளீசும் பாலியாக நடித்த கானி பூத்துமே எழுத்தாளர்கள்.

முதல் வாரம் வீணாயிற்று. சப்டைட்டிலை அணைக்க மறந்துவிட்டேன். நடிகர் வாய் திறப்பதற்குள் வசனம் திரையின் அடியில் வந்துவிடுவதால், அரங்கில் இருந்த பார்வையாளர்கள் சிரிப்பதற்கு முன்பே நான் வாசித்து முடித்துவிட்டிருந்தேன், சிரிப்பு வரவில்லை. நொடிக்கணக்கில் அளந்து வைத்த நகைச்சுவைக்கு அரை நொடி முந்திக்கொள்வதைவிடக் கெடுதல் வேறில்லை.

இரண்டாம் வாரம் முதல் பக்கத்தை மூன்றாகக் கோடிட்டுக்கொண்டேன்: யார் எதை மறைக்கிறார், யாரிடம் மறைக்கிறார், அது எங்கே உடைகிறது. பேசிலின் கத்தலும் ஓட்டமும்தான் சிரிப்பு என்று அதுவரை எண்ணியிருந்த எனக்கு, கத்தல் கடைசியில் வரும் வட்டி மட்டுமே என்பதும், முதல் என்பது தொடக்கத்திலேயே ஓசையில்லாமல் போடப்பட்டுவிடுகிறது என்பதும் இந்த மூன்று கட்டங்களில்தான் தெரிந்தது. 1979-இன் முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். குதிரைப் பந்தயத்தில் வென்ற பணத்தைப் பேசில் மனைவியிடமிருந்து மறைக்கிறார். விவரம் தெரிந்த மானுவேலிடம், யார் கேட்டாலும் உனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி வைக்கிறார். காது கேளாத ஒரு பாட்டி தன் பணத்தைக் காணோம் என்று விடுதியையே கலக்குகிறார். இறுதியில் கையிலுள்ள பணம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க மானுவேலின் சாட்சி ஒன்றே மிச்சம் என்ற நிலை வரும்போது, மானுவேல் விசுவாசம் பொங்க, தனக்கு எதுவும் தெரியாது என்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதில் அவர் முகத்தில் தெரியும் பெருமிதத்துக்காகவே அந்த இடத்தை நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். விதைத்ததற்கும் அறுத்ததற்கும் இடையே அரைமணி நேரம்கூட இல்லை.

ஏழாம் வாரத்தில் அதே கட்டங்களோடு 'தி வயர்' தொடருக்குப் போனேன். அமெரிக்கத் தொலைக்காட்சியான எச்பிஓவில் 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்களாக, 60 பகுதிகள் வந்த தொடர் இது. பால்டிமோர் நகரின் போதைப்பொருள் வியாபாரத்தையும் அதைத் துரத்தும் காவல்துறையையும் காட்டத் தொடங்கி, துறைமுகம், நகராட்சி, பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம் என்று விரிகிறது. உருவாக்கிய டேவிட் சைமன் அவ்வூர்ப் பத்திரிகையில் காவல்துறைச் செய்திகளை எழுதியவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் துப்பறிவாளராக இருந்து பின்னர் பள்ளி ஆசிரியரானவர். தெருமுனைப் பேச்சு பிடிபடாததால் இங்கே சப்டைட்டிலை மறுபடியும் போட வேண்டியதாயிற்று. உணர்ச்சியைத் தூண்டும் பின்னணி இசையும் அநேகமாக இல்லாததால், எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் தொட்டுக் காட்டுவதில்லை.

முதல் பருவத்தில் என் மூன்றாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. இந்தத் தொடருக்கு என் முறை பொருந்தவில்லை என்று முடிவு கட்டி, நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் சும்மா பார்த்தேன். தவறு என்னுடையதுதான் என்பது நான்காம் பருவத்தின் கடைசிப் பகுதியில் தெரிந்தது. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடலாம்.) முதல் பருவத்தின் மூன்றாம் பகுதியில், சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு வேறொரு ஆட்டம் ஆடும் போடி, வாலஸ் என்னும் இரு பையன்களுக்கு, தெருவில் போதைப்பொருள் விற்பதில் அவர்களுக்கு மேலாளாக இருக்கும் டி'ஆஞ்சலோ சதுரங்கம் கற்றுக்கொடுக்கிறான். ராஜா ராஜாவாகவே இருப்பான், சிப்பாய்கள் சீக்கிரம் சாவார்கள் என்கிறான். அடுத்த முனைவரை போய்விட்டால் என்ன ஆகும் என்று போடி ஆவலாகக் கேட்கிறான். 47 பகுதிகள் கழித்து, பூங்காவில் மக்நல்டி என்னும் காவல்துறைக்காரரோடு உட்கார்ந்திருக்கும் அதே போடி, நாங்கள் எல்லாம் அந்தப் பலகையில் இருக்கும் சின்னக் காய்கள் என்னும் பொருளில் பேசுகிறான். அன்றிரவே தன் தெருமுனையில் சுட்டுக் கொல்லப்படுகிறான்.

மானுவேலுக்குச் செய்ததைத்தான் போடிக்கும் செய்திருக்கிறார்கள். அங்கே அரைமணிக்குள் முளைத்தது, இங்கே முளைக்க நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. வாரந்தோறும் ஒளிபரப்பில் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சதுரங்கப் பலகை நினைவில் இருந்திருக்குமோ!

ஐந்தாம் பருவத்தின் 10 பகுதிகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. போடியின் பெயருக்கு எதிரே காலியாக இருந்த மூன்றாவது கட்டத்திலிருந்து அம்புக்குறி இழுக்கப் பார்த்தேன். முப்பது பக்கங்களைத் தாண்ட வேண்டியிருந்ததால், பக்க எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.